காய்ச்சல் விட்ட பிறகு வா

மேலத்தெரு,
கந்தர்வக்கோட்டை வழி,
11.02.2025

அன்புத் தங்கை தேவிப்ரியாவுக்கு,

அக்கா திலகவதி எழுதுவது. வீட்டு முகவரிக்கு எழுதினால் உன் மாமியார் பிரித்துவிடுவார் என்று, நீ வேலை பார்க்கும் பள்ளிக்கு எழுதுகிறேன். உன் போனுக்கு என் அழைப்பு போய் மாதக்கணக்காகிறது. நீ பிளாக் செய்திருக்கிறாய் என்று அன்புமொழிதான் சொன்னாள். ஏழாவது படிக்கிற என் மகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று கொல்லையில் முந்திரி மரத்தடியில் போய் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? ஆதிரா என்று பெயர் வைத்தீர்களாம். அதையும் அடுத்தவர் வாயால்தான் கேட்டேன். நல்ல பெயர்தான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. திருச்சியிலிருந்து ஊர் திரும்பி, ஐப்பசியில் நூறு நாள் வேலைக்குப் போனேன். கண்மாய்க் கரையில் ஒருத்தி தூளி கட்டிப் போட்டிருந்த பிள்ளை வீறிட்டது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. பால் நிற்க டாக்டர் கொடுத்த மாத்திரை அன்றைக்கு வேலை செய்யவில்லை. கூட நின்ற பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான், இவளுக்குப் பால் எங்கிருந்து வந்தது என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேசிவிட்டார்கள். தங்கைக்குத் துணை என்று சொல்லித் திருச்சிக்குப் போய், தப்பான வழியில் வந்ததைப் பெற்று எங்கேயோ தள்ளிவிட்டு வந்திருக்கிறாள் என்கிறார்கள்.

பெற்றது உண்மை. உன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதும், உங்கள் இருவரின் கருவைத்தான் என் வயிற்றில் வைத்தார்கள் என்பதும், உன் மாமா மனமாரச் சம்மதித்துத்தான் நான் சுமந்தேன் என்பதும் நீ, நான், நம் இரண்டு பேர் வீட்டுக்காரர்கள் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று நீ என் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதாய். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

தை கடைசி வெள்ளியன்று ஐயனார் கோவிலில் ஊர் கூடியது. கருப்பர் முன்னால் தட்டில் சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நான் தைரியமாகத்தான் போனேன். ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்லி அணைக்க எனக்கு என்ன பயம்? ஆனால் சொல்ல வேண்டிய வார்த்தையை ஊர்ப் பெரியவர் குணசேகரனே எடுத்துக் கொடுத்தார். "எம் புருசன் ஊர்ல இல்லாத காலத்துல என் வயித்துல புள்ளை தங்கலைன்னு சொல்லி அணைச்சிரு தாயி. அதோட விட்டுருவோம்" என்றார்.

அதை எப்படிச் சொல்வேன், தேவி? தங்கியதே. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சூடம் தானாக எரிந்து முடிந்தது. அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் தலைக்கட்டு வரி வாங்கவில்லை. கோவிலுக்கு வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் சேர்த்தி இல்லை என்று உனக்கே தெரியும். என் மாமியார் தனி அடுப்பு வைத்துவிட்டார். மஸ்கட்டிலிருந்து உன் மாமா, "அவ மேல தப்பு இல்லை, காரணம் கேக்காதீங்க" என்று அவரிடம் சொன்னார். பொண்டாட்டி மானத்தை மூடப் பார்க்கிறான் என்று அதற்கும் ஒரு பேச்சு. அன்புமொழி பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வருகிறாள்.

நீ ஒரு நாள் வந்து, "எங்க அக்கா என் பிள்ளையைத்தான் சுமந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போ. நான் வேறு எதையும் கேட்கவில்லை.

உன் அக்கா,
திலகவதி


பொன்னமராவதி,
20.02.2025

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த வகுப்புக்குப் போனேன். உனக்கு இப்படி ஒரு கஷ்டம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. பிளாக் செய்தது நான் இல்லை அக்கா, அவர்தான். நீ போனில் அழுதால் நானும் அழுவேன், அத்தை காதில் விழும் என்று செய்தார்.

நீ கேட்டதைச் செய்ய எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் இந்த வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாது. என் வயிற்றில் பிள்ளை தங்காது என்று தெரிந்தால் அத்தை அன்றைக்கே அவருக்கு வேறு பெண் பார்ப்பார். ஆதிராவைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வயித்துல இருக்கும்போது குங்குமப்பூ குடுத்தேன்ல, அதான் இந்த நெறம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்தக் குங்குமப்பூவை உனக்குத்தானே பாலில் போட்டுக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா?

ஊர்வாய் இரண்டு மாதம் பேசும், மூன்றாவது மாதம் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்துக்கொள். வேண்டுமானால் அன்புமொழியைக் கூட்டிக்கொண்டு திருச்சிப் பக்கமே வந்துவிடேன். வெளியூரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உனக்குத்தான் எதையும் தாங்குகிற மனசு. நான் அப்படி இல்லை என்று அம்மாவே சொல்லுவாள்.

பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைத்திருக்கிறது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

பிரியமுள்ள,
தேவி


மேலத்தெரு,
03.03.2025

தேவிப்ரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

தாங்குகிற மனசு என்று எழுதியிருக்கிறாய். சுமப்பதற்கு வயிறு, தாங்குவதற்கு மனசு, எல்லாம் என்னிடம். உனக்குப் பிள்ளையும் குங்குமப்பூவும். நன்றாகப் பங்கு பிரித்திருக்கிறாய்.

உன் வளைகாப்பு ஞாபகம் இருக்கிறதா? வைத்தியத்துக்கென்று நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்த திருச்சி வீட்டிலிருந்து துண்டை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டு நீ காரில் ஏறினாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராத்திரி திரும்பி வந்து, முழங்கை வரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையலில் இரண்டைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டு, "பிள்ளைக்குச் சத்தம் கேக்கணும்ல அக்கா" என்றாய். அப்போது எனக்கு அது பாசமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் கேட்டுப் பார்த்தேன், நீ வரவில்லை. இனி கேட்கப் போவதில்லை. நேற்று குணசேகரன் வீட்டுக்கே போனேன். "என் வார்த்தையை நம்ப வேணாம். திருச்சியில அத்தனை மாசமும் என் தங்கச்சிகூடத்தான் இருந்தேன். அவளைக் கூப்பிட்டுச் சூடத்துக்கு முன்னால நிறுத்திக் கேளுங்க" என்றேன். "நியாயமாத்தான் இருக்கு" என்றார். உன் மாமியார் வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருப்பார். பங்குனி முதல் வெள்ளி. நீ வராவிட்டால் ஊர்க்காரர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

உங்கள் பிள்ளையை நான் சுமக்கலாம் என்று அப்போது வாங்கிய கோர்ட்டு உத்தரவின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். காட்டமாட்டேன். பேப்பர் சொல்வது எனக்குத் தேவையில்லை. உன் வாய் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்னால் நான் நின்றது போல நீயும் ஒருநாள் நிற்க வேண்டும்.

திலகவதி


பொன்னமராவதி,
24.03.2025

என் அன்பு அக்காவுக்கு,

முடிந்துவிட்டது அக்கா! மனசு பஞ்சு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு உன் பக்கத்தில் வந்து பேச முடியவில்லை. அத்தை என் கையை விடவே இல்லை, பார்த்தாய் அல்லவா.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் சோறு தின்னவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ இப்படிச் செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தையும் கூட வருகிறேன் என்று கிளம்பியதும் செத்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் குணசேகரன் ஐயா எடுத்துக் கொடுத்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. "திருச்சியில இருந்த மாசத்துல எங்க அக்கா வயித்துல புள்ளை இல்லை. இந்தப் புள்ளையை நான்தான் சுமந்து பெத்தேன்." இதைச் சொல்லிச் சூடத்தை அணைத்தால் உன் மானமும் திரும்பிவிடும், என் குடும்பமும் நிற்கும். ஒரே வார்த்தையில் நம் இரண்டு பேர் கஷ்டமும் தீர்ந்ததா இல்லையா? உள்ளங்கையில் லேசாகக் கொப்புளம், அவ்வளவுதான். பாப்பா இடுப்பில் இருந்துகொண்டு சூடத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்களே!

வைகாசியில் ஆதிராவுக்குக் காதணி விழா. இப்போது எந்தத் தடையும் இல்லை, நீ பெரியம்மாவாக முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும். பத்திரிகையில் உன் பெயர் போடச் சொல்லிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என்னைப் பார்த்துக்கொண்டதற்காக அத்தை உனக்குக் கொடுத்த சேலையை நீ வாங்காமல் போனது அவருக்கு வருத்தம். அவர் இப்போதே அடுத்தது எப்போது, பையனாகப் பெற்றுக் கொடு என்கிறார். சிரித்துச் சமாளிக்கிறேன்.

இனி கோபம் இல்லையே?

உன் தேவி


மேலத்தெரு,
31.03.2025

தேவிப்ரியாவுக்கு,

நீ சொன்னது பலித்தது. மறுநாள் காலையிலேயே வரி வாங்க வந்தார்கள். மாமியார் அடுப்பை ஒன்றாக்கி, காபி போட்டு என் கையில் கொடுத்தார். நூறு நாள் வேலைப் பெண்கள், பச்சைப் பிள்ளையை ராப்பகலாகத் தூக்கி வைத்திருந்தால் பால் ஊறத்தான் செய்யும் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். "வீணாப் பேசிட்டோம், மன்னிச்சுக்க தாயி" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது.

அவள் மன்னிப்புக் கேட்டது நான் பிள்ளை பெறாததற்காக. நான் பெற்றேன், தேவி. ஐந்தாம் மாதம் வரை குடித்த தண்ணீர் தங்கவில்லை. கால் வீங்கி செருப்புப் போட முடியவில்லை. அவள் எந்தப் பக்கம் உதைப்பாள், எந்தப் பக்கம் படுத்தால் அடங்குவாள் என்று இன்றைக்கும் என் உடம்புக்குத் தெரியும். வலி எடுத்தபோது நர்ஸின் கையைக் கடித்திருக்கிறேன். அதெல்லாம் நடக்கவே இல்லை என்று நீ கருப்பர் முன்னால் சொல்லி அணைத்துவிட்டாய். தப்பானவள் என்று ஊர் சொன்னபோதாவது நான் பெற்றவளாக இருந்தேன். இப்போது அதுவும் இல்லை. உன் வீட்டில் வேலை பார்த்த ஆளாகிவிட்டேன்.

அந்தச் சேலையும் நியாயமாக உனக்குத்தான் சேர வேண்டும். படுத்துக்கிடந்த எனக்கு வெந்நீர் வைத்தது நீ அல்லவா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ அணைக்கமாட்டாய் என்று நம்பித்தான் உன்னை வரவழைத்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள், கை நடுங்கும், உன் மாமியார் முன்னாலேயே எல்லாம் வெளியே வரும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நின்றேன். உன் கை நடுங்கவே இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் தடுத்திருக்கலாம். திறக்கவில்லை. நீ எவ்வளவு தூரம் போவாய் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்துவிட்டேன்.

கோபம் இல்லையே என்று கேட்கிறாய். கோபம் எல்லாம் தீர்ந்துபோன பிறகு வருவது ஒன்று இருக்கிறது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. உனக்கு நான் சாபம் விடப்போவதில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் நீயே செய்துகொண்டாய். இனி அவள் தும்மினால் உனக்குக் கருப்பர் ஞாபகம் வரும். படியில் தடுக்கினால் வரும். ஒரு வேளை பால் குடிக்கவில்லை என்றால் வரும். நீ யாரிடமும் சொல்லி அழவும் முடியாது. நான் இங்கே காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

விழாவுக்கு வரமாட்டேன்.

திலகவதி


பொன்னமராவதி,
22.04.2025

அக்கா,

போனை எடு. காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். எங்கள் பள்ளியில் வேலை பார்க்கிற பிரவீன்குமார் சார் கந்தர்வக்கோட்டைக்குப் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. டாக்டர் வைரஸ் காய்ச்சல்தான், பயப்பட வேண்டாம் என்கிறார். எல்லோருக்கும் அது போதுமாக இருக்கிறது. எனக்கு மட்டும் போதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நேற்று தூக்கத்தில் சிரித்தாள், அதைப் பார்த்துக்கூடப் பயந்துபோய் அவளை எழுப்பிவிட்டேன். உன் கடிதத்தில் எழுதியது ஒவ்வொன்றும் நடக்கிறது. உனக்குத் திருப்திதானே?

நான் தோற்றுவிட்டேன். அவள் பிழைக்கட்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். உங்கள் கோவிலுக்கே வருகிறேன். குணசேகரன் ஐயாவை வைத்துக்கொண்டு, அத்தை இருந்தாலும் சரி, நீதான் சுமந்தாய் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தியத்தை எப்படி இறக்குவது என்று பூசாரியிடம் கேட்டு வை. தேதி சொல். நாளைக்கே என்றாலும் வருகிறேன். அக்கா, நீ அவளைச் சுமந்தவள். அவளுக்காகவாவது பதில் போடு.

தேவி


மேலத்தெரு,
22.04.2025 மாலை

தேவி,

சார் வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

டாக்டர் சொன்ன மருந்தை நேரத்துக்குக் கொடு. யாராவது கஷாயம் என்று வந்தால் கிட்ட விடாதே. ஈரத்துணியால் உடம்பைத் துடை. தாய் செய்த பொய்க்குப் பிள்ளையைக் கேட்கிற சாமி இல்லை கருப்பர். கோபத்தில் உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதினேன். அந்தப் பயத்தை இப்போது நானே எடுத்துவிடுகிறேன்.

ஆனால் நாளைக்கு வராதே. இப்போது நீ சொல்வது எனக்கு வேண்டாம். இது காய்ச்சலுக்குக் கொடுக்கிற லஞ்சம். காய்ச்சல் விட்ட பிறகு வா. பிள்ளை பழையபடி தவழ்ந்து விளையாடும்போது, உனக்கு ஒரு பயமும் இல்லாதபோது, அப்போதும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் வந்து சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலில் இருப்பேன்.

திலகவதி


மேலத்தெரு,
16.06.2025

தேவிப்ரியாவுக்கு,

ஆதிராவுக்குக் காய்ச்சல் விட்டது அந்த வாரமே எனக்குத் தெரியும். நீ ஸ்டேட்டஸில் போட்ட வீடியோவை அன்புமொழி காட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் நல்ல பலமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். அடுத்த வெள்ளியும் போனேன். பிள்ளை தேற வேண்டும், பள்ளியில் பரீட்சை வேலை இருக்கும், வெயில் அதிகம் என்று உனக்காக நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சித்திரை முடிந்தது. "யாருக்காகத் தாயி இங்கிட்டே ஒக்காந்திருக்கீங்க?" என்று பூசாரி கேட்டார். "தங்கச்சி வாரேன்னு சொல்லுச்சு" என்றேன். அவர் நடை சாத்தினார், நான் எழுந்து வந்தேன்.

அப்புறம் காதணி விழாப் பத்திரிகை வந்தது. அன்புடன் அழைக்கும் பெரியம்மா என்று என் பெயர். விழா நடந்த அன்று உன் மாமா லீவில் வந்திருந்தார். "போகணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நான் பத்திரிகையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முந்திரிக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

விழா போட்டோக்களையும் பார்த்தேன். உன் முகத்தில் பயம் இல்லை. நன்றாகத் தூங்குகிறாய் என்று தெரிகிறது. அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது நான். நான் எடுத்துப் போட்ட பயத்தோடு உன் வாக்கும் போய்விட்டது. பயம் இருந்த வரைக்கும்தான் நான் உனக்கு அக்கா. இதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டேன். இனி வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

உன் மாமியாரிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன். குணசேகரனிடமும் சொல்லமாட்டேன். ஊரில் என் பெயர் நன்றாகவே இருக்கிறது, நீ வாங்கிக் கொடுத்ததுதான். அதனால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நீ காத்திருக்க வேண்டாம்.

உனக்கு எழுதும் கடிதம் இதோடு முடிந்தது. அடுத்ததை ஆதிராவுக்கு எழுதுவேன். இப்போது அல்ல. அவள் தானாகப் படித்துப் புரிந்துகொள்கிற வயது வரட்டும். அதில் உன்னை ஒரு வார்த்தை திட்டமாட்டேன். பெரிதுபடுத்தி எதுவும் எழுதமாட்டேன். திருச்சி வீட்டில் எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அவள் வயிற்றுக்குள் துள்ளுவாள் என்று எழுதுவேன். அவள் பிறந்ததும் முதலில் அழுதது யார் மார்பில் என்று எழுதுவேன். கோர்ட்டு பேப்பரின் நகலைக் கூட வைப்பேன். அதைப் படித்துவிட்டு அவள் உன்னிடம் வந்து கேட்பாள். அப்போது அவளுக்கு நீ பதில் சொல்லிக்கொள்.

அவள் படிப்பைப் பற்றி உனக்கு நிறையக் கனவு இருக்கும். உங்கள் பள்ளியிலேயே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பாய். தாராளமாகச் சேர். தமிழை மட்டும் யார் கையெழுத்தாக இருந்தாலும் தடுமாறாமல் படிக்கிற அளவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடு. நீ டீச்சர்தானே.

திலகவதி